குருவியைச் சுட்ட சிறுவன் பறவைகளின் காவலன் ஆனான்!

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் சிறுமலை தெரியும். மறு பக்கம் பழனி மலைத் தொடர் தெரியும். நடுவே பரந்த சமவெளி. தோட்டம், துரவு, குளக்கரை, பனை மரம்!

அந்தப் பனை ஓலைகளின் நுனியிலும், கிணற்றுக்குமேல் சாய்ந்த கிளைகளிலும் சுரைக்குடுக்கை போலக் கூடுகள் தொங்கும். காற்று அடித்தால் ஆடும். ஆனால் அறுந்து விழாது. தூக்கணாங்குருவி கட்டிய கூடு அது. திண்டுக்கல் பக்கத்துக் குழந்தைகளுக்கு அதைத் தெரியாமல் இராது.

அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடும்ப வாழ்க்கையைச் சரியாகக் கண்டறிந்து உலகுக்கு விளக்கியவர் ஓர் இந்தியர். அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வேலை இல்லை. சம்பளம் இல்லை. கடற்கரைக் கிராமம் ஒன்றில் குருவிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் சாலிம் அலி. பறவை மனிதர் என்று நாடே அவரை அழைத்தது.

தாய் தந்தை இல்லாத பிள்ளை

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். அந்த நகரத்துக்கு இப்போது மும்பை என்று பெயர். வீட்டில் நிறையப் பிள்ளைகள். சாலிம்தான் கடைக்குட்டி.

ஒரு வயதில் தகப்பனார் இறந்தார். மூன்று வயதில் தாயாரும் இறந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜி அந்தக் குழந்தைகளை வளர்த்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. மாமனும் மாமியும் தங்கள் பிள்ளைகளைப் போலவே அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாமனுக்கு வேட்டை என்றால் பிரியம். சாலிமுக்கும் அது ஒட்டிக்கொண்டது. பையன் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. கண்ணில் படும் குருவிகளைச் சுட்டு வீழ்த்துவான். பெரிய வேட்டைக்காரன் ஆகவேண்டும் என்பதே அவன் ஆசை.

மஞ்சள் தொண்டைக் குருவி

ஒரு நாள் ஒரு குருவி சுடப்பட்டுக் கீழே விழுந்தது. பையன் அதை எடுத்துப் பார்த்தான். சிட்டுக்குருவி போலத்தான் இருந்தது. ஆனால் தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு! இப்படி ஒரு குருவியை அவன் பார்த்ததே இல்லை.

மாமனிடம் காட்டினான். மாமனுக்கும் தெரியவில்லை. பம்பாயில் இயற்கை வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. 1883-ஆம் ஆண்டில் தொடங்கிய சங்கம் அது. அதன் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயர். அவரிடம் மாமன் பையனை அனுப்பினார்.

வெள்ளைக்காரரைப் பார்க்கவே பையனுக்குப் பயம். செத்த குருவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி உள்ளே போனான். மில்லார்டு கோபித்துக்கொள்ளவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பார்த்த உடனே சொன்னார். அலமாரிகளைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு அடைத்துப் பாடம் செய்த பறவைகள் வரிசை வரிசையாக இருந்தன. படிப்பதற்குப் புத்தகங்களும் கொடுத்தார்.

பையன் திகைத்துப் போனான். நம் நாட்டில் இத்தனை வகைப் பறவைகளா?

பெரியவர் ஒருவர் ஒரு சிறுவனை மதித்து நடத்தினார். அன்று திறந்த கதவு எண்பது ஆண்டுக் காலம் மூடவே இல்லை.

கணக்கு வராது, தலைவலி வரும்

பள்ளிப் படிப்பில் சாலிம் அலி கெட்டிக்காரர் அல்ல. கணக்கு வரவில்லை. தலைவலி அடிக்கடி வந்து படிப்பைக் கெடுத்தது. 1913-ல் மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறினார்.

பிறகு பர்மாவுக்குப் போனார். அங்கே குடும்பத்தாருக்குச் சுரங்கத் தொழிலும் மர வியாபாரமும் இருந்தன. பெயருக்குத்தான் வியாபாரம். கால்கள் காட்டைத் தேடியே போயின. வியாபாரம் நொடித்தது. சில ஆண்டுகளில் பம்பாய் திரும்பினார். கணக்கு எழுதுவதும் வணிகச் சட்டமும் ஒரு பக்கம், விலங்கியல் மறு பக்கம் என்று இரண்டையும் படித்தார்.

1918-ல் தெஹ்மினாவை மணந்தார். வசதியான குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் அந்தப் பெண்மணி. ஆனால் கணவருடன் காட்டில் கூடாரம் போட்டுத் தங்க அவர் தயங்கியதே இல்லை.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் சாலிம் அலிக்கு வேலை கிடைத்தது. பார்க்க வருகிறவர்களுக்குப் பிராணிகளைப் பற்றி எடுத்துச் சொல்லும் வேலை. மாதச் சம்பளம் 350 ரூபாய். அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம்.

ஆனால் தாம் கற்றது போதாது என்று அவருக்குத் தோன்றியது. லீவு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் நகரில் ஸ்ட்ரெஸ்மான் என்ற பெரிய அறிஞரிடம் பறவை ஆராய்ச்சி பயின்றார். பறவையின் காலில் வளையம் மாட்டி அதன் பயணத்தை அறியும் முறையையும் ஐரோப்பாவில் நேரில் பார்த்தார்.

1930-ல் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால் வேலை இல்லை! பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

குருவிக் குடும்பத்தின் ரகசியம்

பம்பாய்க்கு அருகே கடலோரத்தில் கிஹிம் என்ற கிராமம். அங்கே மனைவியின் குடும்பத்தாருக்கு ஒரு சிறு வீடு இருந்தது. கணவனும் மனைவியும் அங்கே குடியேறினார்கள்.

மழைக்காலம் வந்தது. வீட்டின் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வந்து கூடு கட்டத் தொடங்கின. வேறு ஒருவராக இருந்தால் வேலை போன கவலையில் அவற்றைக் கவனித்திருக்கமாட்டார். சாலிம் அலி நாள்தோறும் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எல்லாம் குறித்துக்கொண்டார்.

என்ன கண்டார்?

கூடு கட்டுவது ஆண் குருவி. புல்லையும் ஓலையையும் மெல்லிய நாராகக் கிழித்து வந்து பின்னுகிறது. கூடு பாதி முடிந்ததும் வேலையை நிறுத்திவிடுகிறது. அப்போது பெண் குருவிகள் வருகின்றன. வீடு பார்க்க வருகிறவர்களைப் போலக் கூட்டை உள்ளும் புறமும் பார்க்கின்றன. பிடிக்காவிட்டால் போய்விடுகின்றன. ஒரு பெண் குருவிக்குக் கூடு பிடித்துவிட்டால் அது அங்கேயே தங்குகிறது. அதன் பிறகுதான் ஆண் குருவி மீதிக் கூட்டையும் நீண்ட வாசலையும் கட்டி முடிக்கிறது.

பெண் குருவி உள்ளே முட்டை இடுகிறது. ஆண் குருவியோ அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கிவிடுகிறது! அங்கே வேறு ஒரு பெண் குருவி குடியேறுகிறது.

இதை அவர் கட்டுரையாக எழுதினார். பறவை அறிஞர்கள் வியந்தார்கள். வேலை போனதால் வந்த பெருமை அது!

ராஜாக்கள் செலவு, சாலிம் அலி உழைப்பு

பெயர் கிடைத்தது. ஆனால் பிழைப்புக்கு வழி என்ன? சாலிம் அலி ஓர் யோசனை செய்தார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் இருந்தன. எந்தச் சமஸ்தானத்தில் என்ன பறவை இருக்கிறது என்ற சரியான கணக்கு பல இடங்களில் இல்லை. சமஸ்தானம் வழிச் செலவைக் கொடுக்கட்டும். சம்பளம் இல்லாமல் தாம் வேலை செய்வது என்று அவர் முன்வந்தார். சங்கத்தின் துணையும் கிடைத்தது.

ஐதராபாத் முதலில் இணங்கியது. பிறகு திருவாங்கூரும் கொச்சியும் இணங்கின. 1933-ல் அவர் கேரள மலைகளில் சுற்றினார். பழனி மலைத் தொடருக்கு அந்தப் பக்கம் உள்ள மறையூர்க் காட்டிலும் தங்கிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். மாட்டு வண்டிப் பயணம், கூடார வாசம், அட்டைக் கடி, மலேரியா பயம் எல்லாம் உண்டு. தெஹ்மினா கூடவே இருந்து கவனித்துக்கொண்டார்.

பணம் ஒருவரிடம். இடம் ஒருவரிடம். அறிவு ஒருவரிடம். மூன்றையும் ஒன்று சேர்த்தால்தான் காரியம் நடக்கும். இந்தப் பாடத்தைச் சாலிம் அலி அப்போதே கற்றுக்கொண்டார்.

1939-ல் பேரிடி விழுந்தது. தெஹ்மினாவுக்குச் சிறிய அறுவைச் சிகிச்சை ஒன்று நடந்தது. அதன் பிறகு ரத்தத்தில் விஷம் பரவி அவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரியின் வீட்டில் தங்கிக்கொண்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் பறவைகளுக்கே கொடுத்தார்.

1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. வண்ணப் படங்களுடன் எல்லோருக்கும் புரியும்படி எழுதிய புத்தகம். சிறையில் இருந்த நேரு அதைத் தம் மகள் இந்திராவுக்கு அளித்தார். பிற்காலத்தில் அந்த அன்பு பறவைகளுக்குப் பெரிய காவலாக அமைந்தது.

அவருக்கு வேடிக்கையான ஆசை ஒன்றும் உண்டு. அது மோட்டார் சைக்கிள்! 1950-ல் ஸ்வீடன் நாட்டில் நடந்த உலகப் பறவை அறிஞர் மாநாட்டுக்குத் தம் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் கொண்டு போனார். இந்தியாவிலிருந்தே அதை ஓட்டி வந்துவிட்டாரோ என்று அங்குள்ளவர்கள் அதிசயப்பட்டார்கள்.

காலில் ஒரு வளையம்

1957-ல் மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல் அது. சைபீரியாவில் காணப்படும் ஒரு நோயை அது ஒத்திருந்தது. அங்கிருந்து வலசை வரும் பறவைகள்தான் உண்ணியையும் நோயையும் கொண்டுவருகின்றனவோ என்ற சந்தேகம் எழுந்தது.

உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. சாலிம் அலியும் சங்கமும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். 1959 முதல் வலை விரித்துப் பறவைகளைப் பிடித்து, காலில் மெல்லிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய்ச் சங்கத்துக்குத் தெரிவிக்கவும் என்ற செய்தியும் பொறித்திருக்கும். எங்கேயாவது அந்தப் பறவை அகப்பட்டால் தகவல் வரும்.

தகவல்கள் வந்தன. பரத்பூரில் வளையம் மாட்டிய வாத்துகள் சோவியத் நாட்டில் அகப்பட்டன. பறவைகளின் பல்லாயிரம் மைல் பயணம் எண்ணாலும் எழுத்தாலும் நிரூபணம் ஆயிற்று. நோயைப் பறவைகள் கொண்டுவந்தன என்பதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை. பழி நீங்கியது!

தமிழ்நாட்டுக் கோடிக்கரையும் இந்த வேலைக்கு முக்கியமான இடமாயிற்று. குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்கும். 1967-ல் கோடிக்கரை சரணாலயம் ஆனது.

பறவைக்குப் பாஸ்போர்ட் இல்லை. ஒரு நாட்டில் குஞ்சு பொரிக்கிறது. இன்னொரு நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. நடுவே எத்தனையோ குளங்களில் இளைப்பாறுகிறது. அதில் ஒரு குளம் வற்றினாலும் அதற்குத் தொல்லைதான். ஒரு நாடோ ஓர் ஊரோ தனியாக நின்று அதைக் காப்பாற்ற முடியாது.

வேட்டைக் குளம் சரணாலயம் ஆயிற்று

ராஜஸ்தானில் பரத்பூர் சமஸ்தானத்து மகாராஜாக்கள் வாத்து வேட்டைக்காக ஒரு பெரிய நீர்நிலையை வைத்திருந்தார்கள். 1938-ல் வைசிராய் வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள்!

சுதந்திரம் வந்த பிறகு வேறு ஓர் ஆபத்து வந்தது. நீரை வடித்துவிட்டு நிலத்தை விவசாயத்துக்குக் கொடுக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நிலம் இல்லாதவர்களின் கோரிக்கை அது. அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நீர் போனால் பறவைகளுக்கு வேறு இடம் இல்லை. சாலிம் அலி பிரதமர் நேருவிடம் எடுத்துச் சொன்னார். நீர்நிலை தப்பியது. 1956-ல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. பின்னர் தேசியப் பூங்கா ஆனது. 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் சேர்ந்தது.

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணை நீரில் மூழ்கடிக்க இருந்தபோதும் அவர் குரல் கொடுத்தார். பலரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். இந்திரா காந்தி ஆட்சியில் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. காடு பிழைத்தது.

பெரியவர்களும் தவறுவது உண்டு

பரத்பூரில் ஒரு சோகமும் நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுற்றியிருந்த கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் எருமைகளை அங்கே மேய்த்து வந்தார்கள். மாடுகளால் பறவைகளுக்குக் கெடுதல் என்று சாலிம் அலியும் மற்ற அறிஞர்களும் கருதினார்கள். 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. கிராமத்தாருக்கு மாற்று வழி எதுவும் செய்து தரவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள். கலவரம் மூண்டது. போலீஸ் சுட்டது. உயிர்கள் பலியாயின.

பிறகு நடந்தது என்ன? எருமைகள் இல்லாத நீரில் புல் மண்டியது. நீர்ப் பரப்பு மூடியது. வாத்துகள் நீந்த இடம் குறைந்தது. பம்பாய்ச் சங்கத்தின் ஆராய்ச்சியாளர்களே பத்து ஆண்டு ஆராய்ந்து உண்மையைக் கண்டார்கள். எருமைகள் புல்லைத் தின்று நீர்ப் பரப்பைத் திறந்து வைத்திருந்தன. மாடு பறவைக்கு எதிரி அல்ல, துணை!

தாங்கள் நினைத்தது தவறு என்று தங்கள் ஆராய்ச்சியே காட்டியபோது அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் போன உயிர்கள் திரும்பி வரவில்லை. பக்கத்து ஊர் மக்களைக் கலக்காமல் ஒரு குளத்தைக் காப்பாற்ற முடியாது என்பதே பரத்பூர் கொடுத்த பாடம்.

தமிழ்நாட்டில் அந்தப் பாடம் பழைய பாடம். செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை அந்த ஊர் விவசாயிகளே இருநூறு ஆண்டுக்கு மேலாகக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அவர்கள் அறிவார்கள். சுட வந்தவர்களைத் தடுக்க ஆங்கிலேயர் காலத்திலேயே கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் இறங்குகின்றன. அங்கும் ஊர் மக்களே காவல்.

விருது அவருக்கு, பணம் பறவைக்கு

சாலிம் அலிக்கு 1958-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1976-ல் பத்மவிபூஷண் கிடைத்தது. வெளிநாட்டுப் பரிசு ஒன்றில் பெருந்தொகை வந்தபோது அதைப் பறவைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துப் பாகங்கள் கொண்ட பறவைக் களஞ்சியத்தை எழுதி முடித்தார். 1985-ல் ராஜ்ய சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் வெளிவந்த சுயசரிதைக்கு அவர் வைத்த பெயரில், சிறு வயதில் சுட்டு வீழ்த்திய அந்தக் குருவியே இடம் பெற்றது.

1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி சாலிம் அலி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 90.

1990-ல் கோவைக்கு அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவை ஆராய்ச்சி மையம் தோன்றியது.

பனை மரம் பேசுகிறது

திண்டுக்கல் சமவெளியின் தூக்கணாங்குருவிக்கு வலசை இல்லை. சைபீரியாவுக்குப் போகவேண்டியது இல்லை. ஒரு பனை மரம், ஒரு கிணறு, கொஞ்சம் புல், கொஞ்சம் தானியம் போதும். குஞ்சுகளுக்குப் புழு பூச்சி பிடித்துக் கொடுப்பதால் பயிருக்கும் அது நன்மையே செய்கிறது. ஆனால் பனையை வெட்டிவிட்டால் அது எங்கே போகும்?

2021-ல் தமிழ்நாட்டின் வேளாண்மை பட்ஜெட்டில், பனை மரத்தை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். 2022-ல் திண்டுக்கல், கரூர் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. தேவாங்குக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஆகவே இரண்டு மாவட்டங்களும் கை கோத்தாகவேண்டும்.

சர்க்கார் உத்தரவு போடலாம். அறிஞர் ஆராயலாம். பனையைக் காப்பவன் பனைக்காரன். குளத்தைக் காப்பது குளத்து ஊர். கூட்டைக் கல்லால் அடிக்காமல் விடுவது பிள்ளைகள். இவர்கள் அனைவரும் சேர்ந்தால்தான் குருவி பிழைக்கும்.

தூக்கணாங்குருவியின் கூடு ஒரே நாரில் கட்டியது அல்ல. நூற்றுக்கணக்கான நார்கள் ஒன்றோடு ஒன்று பின்னியது. அதனால்தான் காற்றிலும் மழையிலும் அது அறுந்து விழுவதில்லை!